நோயாளி பிழைத்தார், டாக்டர் மாண்டார்!

நுரையீரல் புற்றுநோயைக் கத்தியால் வெல்ல முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் ஒரு டாக்டர். கடைசியில் அதே நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் கையால் உயிர் பிழைத்த நோயாளியோ, அவருக்குப் பிறகும் ஆறு ஆண்டு உயிரோடு இருந்தார்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் நடந்தது. இருமலை அலட்சியம் செய்கிற ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஒரு நுரையீரல் போயிற்று, உயிர் நின்றது

அந்த டாக்டரின் பெயர் இவார்ட்ஸ் கிரகாம். செயிண்ட் லூயிஸ் நகரில் பார்னஸ் ஆஸ்பத்திரியில் பேர் பெற்ற ரண சிகிச்சை நிபுணர். 1933-ம் ஆண்டு அவரிடம் ஒரு நோயாளி வந்தார். பெயர் ஜேம்ஸ் கில்மோர். வயது 48. அவரும் டாக்டர்தான். பிட்ஸ்பர்க் நகரில் பிரசவம் பார்ப்பவர்.

இருமல், காய்ச்சல், நெஞ்சு வலி என்று கில்மோர் மாதக்கணக்கில் அவதிப்பட்டார். மூச்சுக் குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்ததில் இடது நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: சாவு.

கில்மோர் ஊருக்குப் போய்த் தம் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டு வந்தார். அப்போது தமக்குக் கல்லறை நிலம் வாங்கினாராம். பல்லுக்குத் தங்கமும் அடைத்துக்கொண்டாராம்! ஒரு கண் சாவின் மேல். ஒரு கண் வாழ்வின் மேல்.

ஏப்ரல் 5-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. நுரையீரலில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதாகத்தான் கிரகாம் எண்ணியிருந்தார். நெஞ்சைத் திறந்து பார்த்தால், கட்டி இருந்த இடம் அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு பகுதியை எடுத்தால் நோயின் வேர் தங்கிவிடும். எனவே இடது நுரையீரல் முழுவதையும் எடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். எடுத்த இடம் வெறும் பள்ளமாக நின்றுவிடாதபடி, சில விலா எலும்புகளையும் நீக்கி நெஞ்சுச் சுவரை உள்ளே அமுங்க வைத்தார்.

புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே ஆபரேஷனில் எடுத்து, நோயாளியும் பிழைத்தது அதுதான் முதல் முறை.

கில்மோர் இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வீடு திரும்பினார். மறுபடியும் டாக்டர் தொழிலைப் பார்த்தார். ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து, 1963-ம் ஆண்டுதான் இறந்தார். அதுவும் வேறு நோயால்!

கிரகாமுக்கு நேர்ந்தது என்ன?

கிரகாம் சிகரெட் பிடிப்பவர். சிகரெட்டால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று சிலர் சொன்னபோது அவர் நம்பவில்லை. சிகரெட் விற்பனை கூடக் கூட நோயும் கூடுகிறது என்கிறீர்களே, பெண்களின் பட்டுக் காலுறை விற்பனையும்தான் கூடியிருக்கிறது என்று கேலி செய்தாராம்.

ஆனாலும் உண்மையை அறிய அவர் தயங்கவில்லை. எர்னஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவருடன் சேர்ந்து 684 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார். 1950-ல் முடிவு வெளியாயிற்று. இந்த நோய் கண்ட ஆண்களில் 100-க்கு 96 பேருக்கு மேல், பல ஆண்டுகளாகப் புகைத்துத் தள்ளியவர்கள்!

கிரகாம் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். சிகரெட்டையும் விட்டார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1957-ம் ஆண்டின் தொடக்கம். சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தோன்றியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரலிலும் புற்றுநோய்! ஒன்றை எடுத்தால் மற்றதை வைத்து மூச்சு விடலாம். இரண்டிலும் நோய் பரவிவிட்டால் கத்திக்கு என்ன வேலை? அந்த ஆண்டு மார்ச் 4-ந் தேதி கிரகாம் கண்ணை மூடினார்.

எந்த நாளில் வருகிறோம்?

நுரையீரல் ஆபரேஷனில் கிரகாமை விடக் கைதேர்ந்தவர் அன்று யார்? ஆஸ்பத்திரிக்குக் குறைவா? நண்பர்களுக்குக் குறைவா? அத்தனையும் இருந்தும் அவர் பிழைக்கவில்லை. அவர் நோயாளி பிழைத்தார். காரணம் இதுதான்: கில்மோரின் கட்டி கத்திக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கிரகாமின் நோய் கத்தியைத் தாண்டிப் போய்விட்டது.

"பெரிய டாக்டரிடம் காட்டினால் பிழைத்துவிடலாம்" என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். நிலத்தை விற்றாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். டாக்டரின் திறமை முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம், நோயாளி எந்த நாளில் வந்து சேருகிறார் என்பது.

கணக்கைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் பல நாட்டு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2016-ல் வெளியிட்டது. கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே, அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்தால், 5 ஆண்டுக்குப் பிறகும் 100-க்கு 92 பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் என்றால் 77 பேர். நோய் மூன்றாம் கட்டத்தில் காலெடுத்து வைத்துவிட்டால் 36 பேர். மற்ற உறுப்புகளுக்கும் பரவிய நான்காம் கட்டத்தில் 10 பேர். சிலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அண்மையில் வந்த புதிய மருந்துகள் இந்தக் கடைசிக் கணக்கைச் சிலருக்கு மாற்றி வருகின்றன. ஆனாலும் 92 எங்கே, 10 எங்கே! நோய் ஒன்றுதான். வந்து சேர்ந்த நாள்தான் வேறு.

இன்றைய கத்தி

கிரகாம் காலத்து ஆபரேஷனுக்கும் இன்றைய ஆபரேஷனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நமது வலது நுரையீரலில் மூன்று மடல்கள் உண்டு. இடதில் இரண்டு. கட்டி ஒரு மடலில் அடங்கியிருந்தால் அந்த மடலை மட்டும் எடுத்தால் போதும். மற்ற மடல்கள் மூச்சைப் பார்த்துக்கொள்ளும். விலா எலும்பை நீக்க வேண்டியதில்லை. பலருக்கு நெஞ்சைப் பிளக்கவும் வேண்டியதில்லை. விலா இடுக்கில் சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே அறுத்து எடுக்கிறார்கள். வலி குறைவு. சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

மடலிலும் ஒரு பாகத்தை மட்டும் எடுத்தால் போதுமா என்று ஜப்பானில் 1,106 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறிய கட்டி. 2022-ல் வெளிவந்த முடிவின்படி, பாகத்தை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 94 பேர் 5 ஆண்டு கடந்து வாழ்ந்தார்கள். மடல் முழுவதையும் எடுத்தவர்களில் 91 பேர். பாகத்தை மட்டும் எடுத்தால் பக்கத்திலேயே நோய் திரும்புவது அதிகம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும், சீக்கிரம் வந்தவருக்கு அறுப்பதும் குறைவு, இழப்பதும் குறைவு.

எல்லோருக்கும் ஆபரேஷன் பொருந்தாது. வேகமாகப் பரவும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மருந்தும் கதிர் சிகிச்சையும்தான். நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தால் மீதி தாங்குமா என்று ஊதச் சொல்லியும் நடக்கச் சொல்லியும் சோதிப்பார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புவது உண்டு. அதனால்தான் பிறகும் தவறாமல் வந்து காட்டச் சொல்கிறார்கள். "முடியாது" என்று டாக்டர் சொன்னால் அது கைவிட்டதாகாது. பொருந்தாத இடத்தில் கத்தி வைக்காமல் இருப்பதும் வைத்தியம்தான்.

ஏன் தாமதம்?

நுரையீரலுக்குள் வலி தெரிவதில்லை. கட்டி சத்தமில்லாமல் வளர்கிறது. வெளியே தெரிவது வெறும் இருமல். "பீடி குடிக்கிறவருக்கு இருமாமல் இருக்குமா?" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சுக்குக் கஷாயம் ஒரு வாரம். கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்து ஒரு மாதம். இப்படியே நாள் ஓடிவிடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. காசநோய்! இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு, எக்ஸ்ரேயில் நிழல் ஆகிய எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் முதலில் அந்தச் சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும், மருந்து தின்றும் நிழல் கரையாதபோதும், மாதக்கணக்கில் அதே மருந்தைத் தின்றுகொண்டிருப்பது நியாயமல்ல. "இது காசநோய்தானா, வேறு ஏதாவதா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. படித்தவர்தான் கேட்கலாம் என்பதில்லை.

மூன்றாவது காரணம் பயம். "கத்தி பட்டால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்று இன்றும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எப்படிப் பிறந்திருக்கும்? முன்பெல்லாம் நோய் முற்றிய பிறகே ஆபரேஷனுக்கு வந்தார்கள். நெஞ்சைத் திறந்து பார்த்து, எடுக்க முடியாமல் மூடிய நோயாளிகள் சில மாதத்தில் இறந்தார்கள். பழி கத்தியின் மேல் விழுந்தது. கொன்றது கத்தி அல்ல, தாமதம். கத்தியால் நோய் பரவுமென்றால் கில்மோர் 30 ஆண்டு வாழ்ந்திருப்பாரா?

"நான் பீடி, சிகரெட் தொட்டதே இல்லை, எனக்கு ஏன் வரும்?" என்று இருந்துவிடவும் கூடாது. புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. பிறர் விடும் புகையும் கெடுதல் செய்யும். அடுப்பில் எரியும் நிலக்கரிப் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் குழு உறுதி செய்திருக்கிறது. விறகுப் புகையையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. அம்மாவின் இருமலும் இருமல்தான்.

செய்ய வேண்டியது

அமெரிக்காவில் நீண்ட காலம் புகைத்த 53,000-க்கு மேற்பட்டவர்களை, நோய் தெரியும் முன்பே சோதித்துப் பார்த்தார்கள். குறைந்த கதிர் கொண்ட சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட 100-க்கு 20 குறைந்தது. இந்த முடிவு 2011-ல் வந்தது.

இதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? அவசரம் கூடாது. அந்தச் சோதனையிலேயே, சந்தேகம் என்று காட்டிய நிழல்களில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்று பிறகு தெரிந்தது. காசநோய்த் தழும்பு உள்ள நெஞ்சுகள் நிறைந்த நம் நாட்டில் வீண் பயமும் வீண் செலவும் இன்னும் கூடும். ஆனால் பல ஆண்டு புகைத்து, 50 வயதும் தாண்டியவருக்கு இருமலும் இருந்தால், அவரைக் கஷாயத்தோடும் மாத்திரையோடும் அனுப்பிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தேவையானால் ஸ்கேனும் எடுக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இதைக் கட்டாய வழக்கமாக்க வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியபோது, இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்று எண்ணியவர்கள் பலர். இன்று அப்படிச் சொல்ல நியாயமில்லை. ஆபரேஷன் உண்டு, மருந்து உண்டு, கதிர் சிகிச்சை உண்டு. ஏழைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன.

குடும்பத்தார் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லையா? சளி பரிசோதனைக்குக் கொடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். சளியில் ரத்தம் கண்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். குரல் கம்மி அப்படியே இருக்கிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? டாக்டரிடம் காட்டுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள். பழைய நிழலா, புதிய நிழலா என்பதை அந்தப் படம்தான் டாக்டருக்குச் சொல்லும்.

பீடி, சிகரெட் பிடிக்கும் தந்தைமார் இன்றே அதை விட வேண்டும். கிரகாம் விட்டது பல ஆண்டு தாமதித்து. அவருக்கு அந்த உண்மை தெரிந்தபோது வயது 67. இன்றைய வாலிபனுக்கு முதல் சிகரெட்டைக் கையில் எடுக்கும்போதே அது தெரியும்!