கற்றவர் இடும் கைநாட்டு

எழுத்தறியாதார் காணி உறுதியிற் கைநாட்டு இட்டு ஏமாந்த காலம் ஒன்றிருந்தது. எழுத்தறிந்த நாம் இன்று செய்வது யாது?

கணினியின் உலாவியோடு நாம் சேர்த்துக்கொண்ட துணைநிரல் மேம்படுத்தப்படும்போது புதிய அனுமதி தேவைப்படின், பயர்பொக்சும் குரோமும் நம் இசைவைக் கேட்கும். நாம் திறக்கும் பக்கங்கள் யாவற்றையும் படிக்கும் உரிமையாகவும் அது இருக்கலாம். நாமோ வாசியாமலே 'சரி' என்று அழுத்துகிறோம்.

"என்ன கேட்டது?" என்று தோப்பூர் மாணவன் ஒருவனை வினவினேன்.

"இங்கிலிசில இருந்தது, சேர்" என்றான்.

அவ்விரு உலாவிகளையும் தமிழிலேயே இயக்கலாம். ஆதலின், மொழியைத் தமிழாக்குக, ஒவ்வொரு மேம்பாட்டின் பின்னும் துணைநிரற் பட்டியலைத் திறந்து அனுமதிகளை நோக்குக, வேண்டாதவற்றை நிறுத்துக. இதனை ஆசிரியர் வகுப்பிலே கற்பித்தல் வேண்டும். வாசியாது இசைபவன் கற்றும் கைநாட்டுக்காரனே.