‘போகாதே’ன்னு சொல்லியாச்சு, அப்புறம்?

டிஸ்கி: இது அறிவுரைப் பதிவு இல்லை, திட்டுற பதிவு. திட்டு வாங்குறவங்க லிஸ்ட்ல முதல் ஆள் நான்தான். ஊர்ப் பேரெல்லாம் மாத்திப் போட்டிருக்கேன், எங்க அபார்ட்மெண்ட்காரங்க யாரும் தேட வேண்டாம்.

டிசம்பர் பிறந்தால் இங்கே பெங்களூரில் நம்ம ஜனங்களுக்கு இரண்டு கவலை வந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போக தட்கல் கிடைக்குமா என்பது ஒன்று. 31ஆம் தேதி ராத்திரி பிள்ளைகளை எப்படி வீட்டுக்குள்ளேயே உட்கார வைப்பது என்பது இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை கீழே வாக்கிங் போன இடத்தில் இந்த இரண்டாவது கவலைக்காக ஒரு குட்டி மாநாடே நடந்தது. கரூர்க்காரர் ஒருத்தர், நாகர்கோவில் பேங்க் ஆபீசர், தஞ்சாவூர் மாமி, நான்.

"எங்க வீட்ல இந்த பார்ட்டி கீர்ட்டி எல்லாம் கிடையவே கிடையாது சார். பிள்ளைய அப்படி வளர்க்கல" என்றார் கரூர்க்காரர். மாமி தலையை ஆட்டினார். நாகர்கோவிலும் ஆட்டினார்.

நான் ஆட்டவில்லை. அவர் மகள் போன டிசம்பர் 31 ராத்திரி எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். இந்திராநகரில் ஒரு தோழி வீட்டு மொட்டை மாடியில் இருந்தாள். என் மகளும் அங்கேதான் இருந்தாள். வீட்டில் சொன்ன காரணம் கம்பைன்ட் ஸ்டடி. (டிசம்பர் 31 ராத்திரி கம்பைன்ட் ஸ்டடி! நம்புறதுக்கும் ஒரு மனசு வேணும்.)

அவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அஞ்சு வருஷம் முன்னாடி நானும் அவர்தான்.

என் அக்கா பையன் கோவில்பட்டியிலிருந்து இங்கே இன்ஜினியரிங் படிக்க வந்தவன். பிஜியில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. வந்த முதல் நாளே அவன் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னேன், "குடி, பார்ட்டின்னு ஏதாவது காதுல விழுந்துச்சு, இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது பாத்துக்கோ." அவனும் "சரி மாமா" என்றான். கடமை முடிந்தது என்று நானும் ஒரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டேன்.

2022இல் அவன் நண்பனுக்குப் பிறந்தநாள். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு ஃபிளாட், எட்டுப் பையன்கள். அதில் ஒருத்தன் அதிகம் குடித்துப் பழக்கம் இல்லாதவன். பந்தயம் கட்டி ஒரு குவார்ட்டரை அப்படியே இறக்கிவிட்டான். பன்னிரண்டு மணிக்குச் சுருண்டான். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், நினைவில்லாதவன் வாயில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றினார்கள், பிறகு "தூங்கினா சரியாயிடும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்து, லைட்டை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்கள். இரண்டரை மணிக்கு ஒருத்தன் போய்ப் பார்த்தால் மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிவிட்டது.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாருக்குப் போன் பண்ணுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீடு அங்கிருந்து காரில் பதினைந்து நிமிஷம். அக்கா பையன் போனில் என் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றிருக்கிறான். கடைசியில் 108க்குப் போன் போட்டது அந்த பில்டிங் செக்யூரிட்டி. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த மனிதர், அவருக்கும் இருபத்தைந்து வயசுதான் இருக்கும். பையன் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தான்.

இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "ஏண்டா எனக்குப் போன் பண்ணல?" என்று கத்தினேன்.

"நீங்கதான படி ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க மாமா."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கமணியும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய தண்டனை.

நம் வீடுகளில் ‘போகாதே’ என்பதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள், நம்மிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள், எதில் திரும்பி வருகிறார்கள் என்று உலகத்தில் ஒரு பெரிய மனுஷனுக்கும் தெரியாது. ஏதாவது ஆனால் கூப்பிடக்கூடாத நம்பர் லிஸ்ட்டில் முதலில் இருப்பது அப்பா, அம்மா, மாமா. ஆபத்தை நாமே வீட்டில் சமைத்து டப்பாவில் கட்டிக்கொடுக்கிறோம் என்கிறேன், கோபம் வந்தால் வரட்டும்.

"அதுக்காகக் குடிக்க லைசென்ஸ் குடுக்கச் சொல்றீங்களா?" என்று மாமி கேட்பார். இல்லை மாமி. எனக்கும் குடி பிடிக்காது, வீட்டில் அதைத் தெளிவாகவே சொல்கிறேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கர்நாடகத்தில் 21 வயசுக்குக் கீழே மது விற்கக்கூடாது. 2023 ஜனவரியில் இதை 18 ஆக்க வரைவு விதி போட்டு, எதிர்ப்பு வந்ததும் அரசாங்கமே பின்வாங்கியது. நல்லது. ஆனால் பத்தொன்பது வயசுப் பையனை பப் வாசலில் நிறுத்திவிட்டால் அவன் வீட்டுக்குப் போய் திருப்பாவை படிக்கப் போகிறானா? பிஜி ரூமுக்குப் போகிறான், நண்பன் ஃபிளாட்டுக்குப் போகிறான். பப்பிலாவது பில் போடுகிற ஆள் உண்டு, "போதும் சார்" என்று சொல்ல ஒரு வெயிட்டர் உண்டு, ஒருத்தன் விழுந்தால் பார்க்க நாலு பேர் உண்டு. பூட்டிய ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள்? பயந்துபோன ஏழு பையன்கள்.

அந்த ஏழு பேருக்கும் யாராவது ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். எழுப்பினால் எழாதவன் தூங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறான். குடித்து நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் பன்னிரண்டு மணிக்கு இருந்ததைவிட ஒரு மணிக்கு மோசமாகலாம். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்திலேயே ஒருத்தன் உட்கார வேண்டும். காப்பி, மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது. மூச்சு மெதுவாகிவிட்டதா, உடம்பு சில்லிட்டதா, உடனே 108 அல்லது 112. இவ்வளவுதான். நாம் பிள்ளைக்கு இன்டகிரேஷனுக்கு டியூஷன் வைப்போம், இதைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம்.

அடுத்தது பெண் பிள்ளைகள் விஷயம். இங்கே எல்லோருக்கும் ரெடியாக ஒரு உதாரணம் உண்டு. 2016 டிசம்பர் 31, எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு. கூட்டத்தில் பெண்களைச் சீண்டினார்கள், பிடித்து இழுத்தார்கள், பெண்கள் அழுதுகொண்டே போலீஸிடம் ஓடிய படங்கள் பேப்பரில் வந்தன. ஆயிரத்து ஐநூறு போலீஸ் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். அப்போதைய உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா என்ன சொன்னார்? இளைஞர்கள் மேல்நாட்டுக்காரர்களைப் போல நினைக்கிறார்கள், உடுத்துகிறார்கள், இப்படிப்பட்ட நாட்களில் இந்த மாதிரி நடக்கத்தான் செய்கிறது என்கிற தோரணையில் பேசினார். நாடு முழுக்கத் திட்டினார்கள். நம் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த எத்தனை அப்பாக்கள் மனசுக்குள் "சரியாத்தானே சொல்றாரு" என்று நினைத்தோம்? கை தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன்.

அதே ராத்திரி, விடிந்தால் 2017 ஜனவரி 1, கம்மனஹள்ளியில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டோவில் வந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் மறித்துப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டு கேமராவில் பதிவானதால்தான் விஷயம் வெளியே வந்தது, ஆட்களைப் பிடித்தார்கள். கம்மனஹள்ளி நம்மாட்கள் நிறைய இருக்கிற இடம். அவள் பார்ட்டியில் இல்லை, கூட்டத்தில் இல்லை, வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளைத்தான் ‘போகாதே’ என்று சொல்லப் போகிறோமா? அந்த இரண்டு பையன்களின் வீட்டில் "நீ எங்கடா போற, எத்தனை மணிக்கு வருவ?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? மகளுக்கு எட்டு மணி கெடு, மகனுக்குப் பைக் சாவி. இதுதான் நம் வீட்டுச் சட்டம்.

கலாசாரத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் கதையும் இந்த மாநிலத்தில் பார்த்தாயிற்று. 2009 ஜனவரி 24இல் மங்களூரு பப்பில் புகுந்து பெண்களை அடித்தார்கள். 2012 ஜூலையில் அதே ஊரில் ஒரு ஹோம்ஸ்டேயில் பிறந்தநாள் கொண்டாடியவர்களை அடித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து கேக்கிலிருந்து வரவில்லை.

ராத்திரிதான் ஆபத்து என்பதும் ஒரு மூடநம்பிக்கை. 2025 ஜூன் 4, சின்னசாமி ஸ்டேடியம் வாசல், ஆர்.சி.பி. கப் ஜெயித்த கொண்டாட்டம். பட்டப்பகலில் நெரிசலில் பதினொரு பேர் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண் ஒருத்தியும் அதில் உண்டு. "பகல்லதான, கிரிக்கெட்தான" என்று எந்த வீட்டிலும் தடுத்திருக்க மாட்டோம். கூட்டம் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளாதே, கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பண்ணு, ஓரமாக நகர்ந்துகொண்டே இரு, கேட் மூடியிருந்தால் திரும்பி வந்துவிடு என்றும் நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. மும்பையில் 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் மொட்டைமாடி பப் தீப்பிடித்து பதினாலு பேர் செத்தார்கள், பாத்ரூமுக்குள் ஒதுங்கிப் புகையில் மூச்சு முட்டியவர்கள் அதில் பலர். அன்றிலிருந்து நான் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இரண்டாவது படிக்கட்டு எங்கே என்றுதான். தங்கமணி கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

இப்போது அப்பாக்கள் பக்கம் வருகிறேன். ஆபீஸ் டீம் டின்னரில் இரண்டு லார்ஜ் போட்டுவிட்டு "ஐ ஆம் ஸ்டெடி" என்று சொல்லி சில்க் போர்டு சிக்னல் தாண்டி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. பலருக்கு ஒரே லார்ஜில் தாண்டிவிடும். முதல் தடவை மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை உள்ளேயோ, இரண்டுமோ. பின் சீட்டில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். அப்புறம் என்ன வாயால் அவர்களுக்குச் சொல்வது?

2021 ஆகஸ்ட் 31 விடிகாலை கோரமங்களாவில் ஒரே காரில் ஏழு பேர் செத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அஞ்சு பேர் போகிற வண்டி, பயங்கர வேகம், யாரும் சீட் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். எல்லோரும் சின்ன வயசு. "ஏறு ஏறு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று நாம் கல்யாண வீட்டிலிருந்து ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு வருவோமே, அதே பழக்கம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கே, யார் வீடு, எப்படித் திரும்புவாய், இந்த மூன்றும் போகும்முன் சொல்ல வேண்டும். தன் கிளாஸைத் தானே ஊற்றிக்கொள்ள வேண்டும், கீழே வைத்துவிட்டுப் போனதை மறுபடி எடுக்கக்கூடாது. குடித்தவன் வண்டியில் ஏறவே கூடாது, அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். போன் பண்ணினால் நான் வருவேன், மூன்று மணியானாலும். காரில் கேள்வி கிடையாது. காலையில் தங்கமணி தலைமையில் விசாரணைக் கமிஷன் உண்டு, அது தனி.

நாலு பேர் முன்னால் "அப்பா வாங்க" என்று சொல்ல வெட்கமாக இருக்கும் அல்லவா, அதற்கு ஒரு ரகசிய மெசேஜ் வைத்திருக்கிறோம். "பூரிக்கு மாவு பிசைஞ்சாச்சா?" என்று வந்தால் கிளம்பிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தது, ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு. லுங்கியோடு கோரமங்களா போனேன். அங்கே ஒரு பையன் "நான் ட்ராப் பண்றேன்" என்று பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான், நிற்கவே முடியவில்லை அவனால். என் மகளோடு அவனையும் ஏற்றி அவன் பிஜியில் விட்டேன். வழியெல்லாம் "ஸாரி அங்கிள், ஸாரி அங்கிள்". நான் எதுவும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன் என்பதுதான் நிஜம்.

இந்தத் தடவையும் இந்திராநகர் மொட்டை மாடிதானாம். எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷனை சில வருஷமாக 31 ராத்திரி மூடிவிடுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் போய் நான் மாட்டாமல் இருக்க எந்த வழியில் போகலாம் என்று பார்த்து வைத்துவிட்டேன். கரூர்க்காரர் மகளும் வருகிறாள். "அப்பா ப்ளீஸ், அங்கிள்கிட்ட சொல்லிடாதீங்க" என்று என் மகள் கெஞ்சுகிறாள். சொன்னால் அந்தப் பெண் இனி என் மகளிடமும் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இப்போதைக்கு அந்தப் பெண் போனில் என் நம்பர் இருக்கிறது, பூரி சமாசாரமும் அவளுக்குத் தெரியும். அவங்க அப்பாவிடம் நேரில் பேசலாம் என்று இரண்டு தடவை அவர் ஃபிளாட் வாசல் வரை போய்விட்டேன். இரண்டு தடவையும் சங்கத்து மெயின்டனன்ஸ் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

31 ராத்திரி கார் சாவி டிவி ஸ்டாண்ட் மேலேயே இருக்கும். எனக்கு அன்றைக்கு மோர் மட்டும்தான்.