‘உங்கட ஆக்கள் வாறதில்லை’

கொழும்பில் உளநலம் பற்றி நடக்கிற செயலமர்வுகளில் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். ஏசி மண்டபம், ஆங்கில ஸ்லைட், இடையில் கட்லட்டும் தேத்தண்ணியும். கடைசியில் யாராவது மைக்கைப் பிடித்து, "தமிழ் ஆக்களுக்கு இதில வெட்கம் கூட, உங்கட ஆக்கள் வாறதில்லை" என்பார். மண்டபம் தலையாட்டும். நாங்கள் ஆட்டப் போவதில்லை.

வெட்கம் இருக்கிறதுதான். "இவனை அங்கொடைக்கு அனுப்போணும்" என்ற பகிடியைக் கேட்காமல் இந்த ஊரில் பள்ளிக்கூடம் முடித்தவர் யார்? 1926இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு 2008இல் தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் மாற்றினார்கள். பகிடி மாறவில்லை. (அவர்களுடைய உதவி இலக்கமும் 1926தான். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், போனில் சேமித்து வையுங்கள்.)

ஆனால் வெட்கம்தான் முழுக் காரணம் என்றால், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிற்கிற சனம் என்ன? வெள்ளவத்தை மயூரபதி அம்மனுக்கு முன்னால் கண்ணை மூடி வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு நிற்கிற அன்ரிமார் என்ன? "நெஞ்சு பாரமா இருக்கு, நித்திரை இல்லை" என்று காலி வீதி டிஸ்பென்சரிக்கு மூன்றாம் தரமும் ஈசிஜி எடுக்க வருகிற அங்கிள் என்ன? சனம் வருகுது. வாய் திறந்து சொல்லவும் சொல்லுது. கேட்க வேண்டிய இடத்தில் தமிழ் காதுகள்தான் காணாது.

முறிந்த கையை எக்ஸ்ரே காட்டிவிடும். சீனி வருத்தத்தை இரத்தம் சொல்லிவிடும். உள மருத்துவத்தில் நோயாளியின் கதைதான் பரிசோதனை. எங்கட அம்மாமாருக்குத் தெரிந்த சிங்களம் மீன் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் காணும். "பின்னேரம் ஆனா ஏன் உயிரோட இருக்கிறன் எண்டு இருக்கு" என்று சொல்ல அது காணாது. எங்கள் நண்பி ஒருத்தி தன் அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஒரு கிளினிக்குக்குப் போனாள். அம்மாவின் துக்கத்தில் பாதி அப்பாவால் வந்தது. மகள் பக்கத்தில் இருக்க அம்மா எதைச் சொல்லுவா? சொன்னாலும் அதில் எதை மகள் சிங்களத்தில் சொல்லுவாள்? கொஞ்ச நேரத்தில் மருந்துத் துண்டு கைக்கு வந்தது. நித்திரைக் குளிசை.

இது யாரிடமும் இரந்து கேட்கிற சலுகை இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. வடக்கு கிழக்குக்கு வெளியிலும் அரச அலுவல்களைத் தமிழில் பார்க்க உரிமை இருக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

சரி, தமிழ் தெரிந்த ஒருவரைப் போட்டால் முடிந்ததா? இல்லை, எந்தத் தமிழ்? படிவத்தில் ‘மனச்சோர்வு’ என்று இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் தனிய இருக்கிற அம்மம்மாவிடம் அது இருக்கா என்று கேளுங்கள், இல்லை என்பா. "யோசினையா அம்மா?" என்று கேளுங்கள், ஒரு மணித்தியாலம் கதைப்பா. கொட்டாஞ்சேனைக் கடையில் வேலை பார்த்து, ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து, ஹட்டனுக்குக் காசு அனுப்புகிற பெடியனிடம் போய் யாழ்ப்பாணத் தமிழில் ‘யோசினை’, ‘விசர்’ என்றால் அவன் இன்னும் ஒடுங்கிப் போவான். "மனசு சரியில்ல" என்பதோடு அவன் நிறுத்திக்கொள்வான். அதற்கு மேல் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உள மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளோடு சேர்ந்து குடும்பமும் ஊரும் காயப்படுவதைப் பற்றி எத்தனையோ வருடமாக எழுதிவருகிறார். எங்களிடம் அறிவு இல்லாமல் இல்லை. அதைக் கிளினிக் வாசல் வரை கொண்டுவர ஆள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

காசு இல்லை என்பார்கள். ஜிம்பாப்வேயிடம் எவ்வளவு காசு இருந்தது? அங்கே ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல். பொருள்: அளவுக்கு மிஞ்சின யோசினை! 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற உள மருத்துவர் ஹராரேயில் 14 பாட்டிமாரைப் பயிற்றி, கிளினிக் முற்றத்து மர வாங்கில் இருத்தினார். வருகிறவர்களோடு அந்தச் சொல்லிலேயே கதைத்தார்கள். 573 பேரோடு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது: ஆறு மாதத்தில், வாங்கில் இருந்து கதைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட நோய்க்குறிகள் குறைந்திருந்தன. ஒரு வாங்கும் கொஞ்சம் பயிற்சியும். கொழும்பில் வாங்குக்கா பஞ்சம்?

‘பண்பாட்டுக்கு ஏற்ற கவனிப்பு’ என்றதும் சந்தோசப்படுகிற எங்கட பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காதில் குரல் கேட்கிற பிள்ளைக்கு நூல் கட்டிவிட்டு, "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சா எல்லாம் சரியாகும்" என்று சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் பண்பாடு இல்லை. ஒரு பெட்டையின் வாழ்க்கையை மருந்தாகக் கொடுக்க இவர்கள் யார்? நோயை மறைத்துக் கட்டிவைத்த கலியாணங்களை வெள்ளவத்தையில் எந்த மாடியில் கேட்டாலும் சொல்லுவார்கள். அம்மனிடமும் போகட்டும், அந்தோனியாரிடமும் போகட்டும். மருந்து தேவைப்படுகிறவருக்கு மருந்து நிற்கக் கூடாது. ஐயருக்கும் ஃபாதருக்கும் மௌலவிக்கும் யாரை எப்போது கிளினிக்குக்கு அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொச்சிக்கடையில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த செயலமர்வுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள், போவோம். வெட்கத்தைப் பற்றி ஸ்லைட் போடும்போது கையை உயர்த்திக் கேட்போம்: உங்கட கிளினிக்கில தமிழில கேட்க எத்தனை பேர் இருக்கினம்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?