ஆள் ஏறாத பெட்டி

விமானப் பயணத்துக்கு அஞ்சுவோரைக் கோழைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறியதில் 329 பேர் மாண்டனர். வான்கூவரில் குண்டு இருந்த பெட்டியை ஒப்படைத்த ஆள் விமானம் ஏறவே இல்லை. பெட்டி மட்டும் டொரண்டோவில் கனிஷ்காவுக்கு மாறியது. அங்கே எக்ஸ்ரே கருவி பாதியில் பழுதாகிவிட, கையடக்கக் கருவியை வைத்துச் சோதனையை ஒப்பேற்றினார்கள். எவ்வளவு கொடிய அலட்சியம்!

வராத பயணியின் பெட்டியைத் தேடி இறக்குவதால் இன்று விமானம் தாமதமானால், பொறுத்துக்கொள்வோம். ஆனால், காரணம் சொல்லாமல் பயணிகளை இருக்கையில் காக்கவைத்தால் பீதிதான் வளரும். விமான நிறுவனங்கள் உடனுக்குடன் உண்மையை அறிவிக்க வேண்டும். சோதனைக் கருவி பழுதானால் பெட்டி ஏற்றுவதை நிறுத்தும் அதிகாரம், அங்கே நிற்கும் கடைநிலை ஊழியருக்கும் வேண்டும்.