யார் குடித்த குவளை?

பொங்கலுக்கு செந்துறைப் பக்கம் கபடி நடந்தால், ஆட்டத்தைவிட மேடையில் நிற்கிற கோப்பைகளைத்தான் பொடிசுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். முலாம் அடுத்த பொங்கலுக்குள் வெளுத்துவிடும். பேர்தான் கோப்பை, அதில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்ததில்லை.

டச்சுக்காரர்கள் மரியாதை செய்யக் கொடுத்ததும் கோப்பைதான். 1667-ல் அவர்களின் கடற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்து இங்கிலாந்துக் கப்பல்களைக் கொளுத்தியது; ‘ராயல் சார்லஸ்’ என்ற பெரிய போர்க்கப்பலைக் கையோடு இழுத்துக்கொண்டும் போனது. அதற்காகத் தளபதி டி ரூய்ட்டருக்குக் கிடைத்தது, அந்தச் சண்டையையே எனாமலில் தீட்டிய தங்கக் கோப்பை. வெள்ளியில் செய்தவற்றில் குறும்பு அதிகம். காற்றாலைக் கோப்பையின் குழாயில் ஊதினால் இறக்கை சுற்றும், அது நிற்பதற்குள் குடித்து முடிக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கென்று இன்னொன்று: ஒயினை ஊற்ற ஊற்ற நடுவில் மூடி திறந்து குட்டிக் குழந்தை பொம்மை எழும்பும். நம் வளைகாப்புகளில் இது இருந்திருந்தால் அத்தைமார்கள் கீழே வைத்திருக்க மாட்டார்கள்!

என்னை இழுப்பது ஆம்ஸ்டர்டாம் புனித ஜார்ஜ் காவல் சங்கத்தின் கொம்பு. எருமைக் கொம்புக்கு வெள்ளிப் பூண் கட்டி 1566-ல் செய்தது. 1648-ல் ஸ்பெயினோடு சமாதானம் ஆனதற்கு அவர்கள் வைத்த விருந்தை ஓவியர் வான் டெர் ஹெல்ஸ்ட் வரைந்திருக்கிறார். அதில் காவலர்களின் கேப்டன் கையில் இந்தக் கொம்பு இருக்கிறது. இப்படிப்பட்ட சங்கப் பாத்திரங்கள் விருந்தில் கைமாறிக்கொண்டே வரும். ஒரு விளிம்பு, பல வாய்.

நமக்கோ எச்சில் ஆகாது, அண்ணாந்து குடித்தே வளர்ந்தவர்கள். சுத்தம் என்று சொன்னால் நானும் தலையாட்டுவேன். ஆனால் கழுவி அடுக்கிய கண்ணாடித் தம்ளர் ஒருத்தருக்கு, ஓரமாக ஒதுக்கிவைத்த தம்ளர் இன்னொருத்தருக்கு, குடித்ததும் அதை அவரே கழுவிவைத்துவிட்டுப் போகணும் என்று தமிழ்நாட்டு டீக்கடைகளில் நடந்ததே, அந்த இரட்டைக் குவளையில் என்ன சுத்தம்? தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-ல் நடைமுறைக்கு வந்தது. உணவுவிடுதியில் பொதுவாகப் புழங்கும் பாத்திரத்தை இன்னாருக்கு இல்லை என்று தீண்டாமையின் பேரில் மறுப்பது குற்றம் என்று 1955-ல் தனிச் சட்டமே வந்தது. அதற்கப்புறமும் எத்தனை ஊரில் போராட வேண்டியிருந்தது!

இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது, அந்தப் பேச்சே இல்லை என்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருந்தும் கடைக்குக் கடை ஓடுகிறது. வசதிதான், கழுவ ஆள் வேண்டாம். யார் தம்ளரை யார் தொடுவது என்ற கேள்வியையும் யாரும் கேட்க வேண்டாம். கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கண்ணாடித் தம்ளர் வைத்திருக்கிற கடையாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன். எனக்கு முன்னால் அதில் குடித்தவர் யாரென்று தெரியாமல் அங்கேதான் குடிக்க முடிகிறது.