போட்டியில் பிறந்த காதல்

ஆங்கில நாவல் உலகில் இப்போது ஒரு சரக்கு அமோகமாக விலைபோகிறது. ஒரே ஆபீஸ், எதிரெதிர் மேஜை, ஓர் ஆண், ஒரு பெண். இருவருக்கும் ஒரே உத்தியோக உயர்வின் மேல் கண். முதல் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. கடைசிப் பக்கத்தில் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி தார்ன் எழுதி 2016-ல் வெளிவந்த ‘தி ஹேட்டிங் கேம்’ இந்த வகையில் பெரும் பெயர் பெற்றது. 2021-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு உத்தியோகம் பார்க்கப் போயிருக்கும் பெண்கள் ரயிலில் கைபேசியை வைத்துக்கொண்டு படிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கதைகளைத்தான்.

“இதெல்லாம் மேல்நாட்டுச் சங்கதி, நமக்கெதற்கு?” என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இதே கதை காவிரிக் கரையில் எப்போதோ நடந்தாயிற்று. அதை அவர்களே வாரந்தோறும் தபால்காரரை எதிர்பார்த்திருந்து படித்தவர்கள்தாம். கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்ற புனைபெயரில், 1950-களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ வேறென்ன? சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆபீஸுக்குப் பெயர் கோயில் திருவிழா. அவ்வளவுதான் வித்தியாசம்!

இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. தஞ்சை ஜில்லாக் கோயில்களில் அந்தக் காலத்தில் நாகசுரம், தவில் கோஷ்டிக்குப் ‘பெரிய மேளம்’ என்று பெயர். நட்டுவனாரும் ஆடுகிற பெண்ணும் சேர்ந்த சதிர்க் கோஷ்டிக்குச் ‘சின்ன மேளம்’ என்று பெயர். இரண்டுக்கும் சுவாமி ஒன்று, மானியம் கொடுக்கும் கோயில் ஒன்று, எதிரே நிற்கிற ஜனக்கூட்டமும் ஒன்று. தை மாதம் சம்பா அறுவடையாகிக் களஞ்சியம் நிரம்பினால்தான் பங்குனியிலும் சித்திரையிலும் திருவிழா களைகட்டும்; அந்த நெல்லுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இரண்டு கோஷ்டியும் உரிமை கொண்டாடின. பெரிய மேளம் மல்லாரி வாசித்துச் சுவாமியை வீதிக்கு அழைத்து வரும். சின்ன மேளத்தின் சலங்கைச் சத்தம் கேட்டால் கூட்டத்தில் பாதி அந்தப் பக்கம் நழுவும். நாகசுரக்காரருக்கு ஆத்திரம் வருமா, வராதா?

பெயரிலேயே ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று தராதரம் போட்டுவிட்டார்கள் பாருங்கள். ஆண்கள் ஊதுவது பெரிது, பெண் ஆடுவது சின்னது! மோகனா அந்தச் சின்ன மேளத்திலிருந்து எழுந்து வந்து, பெரிய மேளத்தின் மன்னன் என்று பேர் வாங்கியவனிடம் போட்டிக்கு நிற்கிறாள். அவன் தில்லானா வாசிக்க வேண்டும், அவள் ஈடுகொடுத்து ஆட வேண்டும். சதிர்க் கச்சேரியின் உருப்படிகளை வரிசைப்படுத்தித் தந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அந்த வரிசையின் முடிவில் வைத்தது தில்லானா. கால் ஓய்ந்துபோகிற நேரத்தில் மிகக் கடினமான தாளக் கணக்கு வரும். எதைக் கொண்டு சோதித்தால் இவள் தோற்பாள் என்பது சண்முகசுந்தரத்துக்குத் தெரியும். அவள் தோற்கவில்லை. ‘தில்லானா’ என்ற பட்டம் அவன் வாயிலிருந்தே அவளுக்குக் கிடைக்கிறது.

இந்த வகைக் காதலின் ரகசியம் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மோகனாவுக்கு ரசிகர்களுக்கா பஞ்சம்? மிராசுதார், மைனர், மகாராஜா என்று வரிசையாக வருகிறார்கள். அவர்களுக்கு அவளுடைய ஆட்டம் ஒரு நகை மாதிரி. பக்கத்தில் வைத்துக்கொண்டால் தங்களுக்குப் பெருமை. எந்த அடி கடினம், எது சுலபம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய வித்தையின் எடையை அறிந்த ஒரே ஆள், அவளைத் தோற்கடிக்கப் பார்த்தவன். ஆபீஸில் விடிய விடிய உட்கார்ந்து கணக்கு முடித்தவளின் உழைப்பு மானேஜருக்குத் தெரியாமல் போகலாம். எதிர் மேஜைப் போட்டியாளனுக்குத் தெரியாமல் போகாது.

சுப்பு இதை எழுதிய சமயத்தில் இதற்கு வேறொரு கனமும் இருந்தது. தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்க 1929-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. பெண்களைப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடியதன் பலன் அது. சட்டம் வந்து பத்து வருஷம்கூட நிறைந்திருக்குமோ என்னவோ, அதற்குள் இந்தத் தொடர்கதை. தாய் வடிவாம்பாள் தேடுவது ஒரு தனவந்தரை. மகள் கேட்பது தாலியை. அதுவும் தன் தொழில்காரனிடமிருந்து. பழைய ஏற்பாட்டில் புரவலர் உண்டு, புருஷன் இல்லை. அந்த ஏற்பாட்டை ஒரு காதல் கதைக்குள் வைத்து உடைத்துக் காட்டியதனால்தான் வாசகர்கள் அந்தப் பெண்ணுக்காக அவ்வளவு உருகினார்கள்.

நடுவில் தரகு வேலைக்கு ஒரு வைத்தி. 1968-ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படத்தில் நாகேஷ் அந்த வேஷத்தைக் கட்டி நம்மையெல்லாம் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்த பிறகு யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. இன்றைய ஆபீஸிலும் வைத்திகள் உண்டு. 1997-ல் சுப்ரீம் கோர்ட் தந்த விசாகா தீர்ப்பும், 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டமும் அவர்களுக்காக ஏற்பட்டவைதாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே தீரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மோகனாவுக்கு அப்படி ஒரு குழு இல்லை. அழுகையும் சலங்கையும்தான் இருந்தன.

சண்முகசுந்தரத்தையும் சும்மா விடுவதற்கில்லை. வித்தையில் சிங்கம், சந்தேகத்திலோ சின்னப்பிள்ளை. அவளை எந்தப் பணக்காரனோடு பார்த்தாலும் உடனே மூக்கின் மேல் கோபம். சிவாஜி கணேசன் நடித்ததனால் அந்தக் கோபமும் நமக்கு அழகாகத் தெரிந்தது. நாகசுரத்தை மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததனால் அவன் செய்த தப்பெல்லாம் மறந்தும்போயிற்று!

படம் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மோகனா ஆடினாளா? எனக்கு அதுதான் கேள்வி. ‘தி ஹேட்டிங் கேம்’ கதையில் கடைசியில் வேறு கம்பெனிக்குப் போவது ஆண்பிள்ளை. நம் வழக்கம் என்னவென்று சொல்லவும் வேண்டுமோ! ஒரே ஆபீஸில் இருவர் மணந்துகொண்டால் “யார் வேலையை விடுவது?” என்ற பேச்சு எழும்போது, வீட்டார் கண்கள் தாமாகவே பெண்ணின் பக்கம் திரும்புகின்றன. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி 2019-20-ல் நாட்டிலுள்ள ஆலைகளில் வேலை செய்த பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். ஆலையிலும் ஆபீஸிலும் ஆணும் பெண்ணும் தோளுக்குத் தோள் நின்று வேலை செய்யும் ராஜ்யம் இது. போட்டியும் வரும், காதலும் வரும். கல்யாணத்துக்கு மறுநாள் என்ன என்பதற்கு நம்மிடம் ஏற்பாடு குறைவு. அரசுப் பள்ளி ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் கணவன் மனைவி பணியிடத்துக்கு முன்னுரிமை தருகிறார்கள். தனியார் கம்பெனிகளில் அது முதலாளியின் மனசைப் பொறுத்த விஷயம்.

மோகனாவாக நடித்த பத்மினியின் கதை இதைவிட ருசிகரமானது. 1961-ல் டாக்டர் ஒருவரை மணந்துகொண்டார். குழந்தையும் பிறந்தது. அதோடு எல்லாம் தீர்ந்தது என்று சினிமா உலகம் நினைத்தது. அவரோ திரும்பி வந்து, 1968-ல் அந்தத் தில்லானாவை ஆடினார். பிற்பாடு அமெரிக்காவில் குடியேறி அங்கேயும் நாட்டியப் பள்ளி நடத்தினார். திரையில் மோகனாவுக்குக் கிடைக்காத இரண்டாம் பாகம் பத்மினிக்குக் கிடைத்தது.

பெரிய மேளத்திலும் காலம் நகர்ந்திருக்கிறது. ஆண்களின் வாத்தியம் என்று முத்திரை குத்தியிருந்த நாகசுரத்தை மதுரை எம். எஸ். பொன்னுத்தாயி எடுத்து வாசித்துப் பேர் வாங்கினார். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபி மகபூபும் பல வருஷங்களாக ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். ஒருவர் சங்கதிக்கு மற்றவர் இன்னொரு சங்கதி போடுகிறார். 2020-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இருவர் பெயரும் ஒரே பட்டியலில்.