உடல்நலம் குன்றிய நாளிலும் பிள்ளையின் கண்ணியம்

பிள்ளைகளைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்றால் மறுப்போர் இலர். ஆனால் அந்தக் கொள்கை உண்மையில் சோதிக்கப்படுவது, காய்ச்சலில் தலை கனத்துப் படுத்திருக்கும் நாளில்தான்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது நன்கு தெரியும். இரவுப் பணி முடித்து வருபவர் பகலில் உறங்கியாக வேண்டும். வீடோ சிறியது, பிள்ளைகளோ ஓடியாடும் வயதினர். இதனுடன் நோயும் சேர்ந்துவிட்டால், "சனியனே, உன்னால்தான் எனக்கு இந்தக் கேடு" என்ற சொல் நாவின் நுனியில் வந்து நிற்கிறது. சொன்னவர் மாலைக்குள் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளையோ, தாயின் காய்ச்சலுக்குத் தானே காரணம் என்று நம்பிவிடும்.

நோயாளிக்கு மார்க்கம் தாராளமாகச் சலுகை அளித்திருக்கிறது. நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்தபடி தொழலாம். ரமலான் நோன்பை விட்டு, வேறு நாட்களில் நோற்கலாம். அல்லாஹ் தனக்குரிய கடமைகளிலேயே இவ்வளவு எளிதாக்கித் தந்திருக்கிறான். எனவே, நோயுற்ற தாயோ தந்தையோ அன்றைய சமையலைச் சுருக்கிக்கொள்வதும், பாடம் சொல்லித் தராமல் ஓய்வெடுப்பதும் குற்றமல்ல. ஆனால், அடுத்தவர் மனத்தைப் புண்படுத்த நோய் அனுமதி தருவதில்லை. நம் பிள்ளையும் அந்த அடுத்தவர்களில் ஒருவர்தாம்.

"பிள்ளைகள்தாமே பெற்றோரை மதிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பர். ஆம். பெற்றோரிடம் 'உஃப்' என்ற சலிப்புச் சொல்லைக்கூடக் கூறலாகாது என்று திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதே சொல் ஹதீஸிலும் வருகிறது. சிறுவராக இருந்தபோதே நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள், தாம் பணிபுரிந்த 10 ஆண்டுகளில் ஒரு முறைகூட நபியவர்கள் தம்மிடம் 'உஃப்' என்று சொன்னதில்லை என அறிவித்துள்ளார்கள். பெரியவரிடம் சொல்லக்கூடாத சொல்லைச் சிறுவரிடமும் சொல்லாதிருந்தார்கள் அண்ணலார்.

அவர்களது இறுதி நோயையும் எண்ணிப் பார்க்கலாம். வேதனை மிகுந்து, ஏழு தோல்பைகளின் நீரைத் தம்மீது ஊற்றச் சொல்லும் அளவுக்கு நலிவுற்றிருந்தார்கள். அந்த நாட்களிலும் மகள் ஃபாத்திமா (ரலி) வந்தபோது வரவேற்று, அருகில் அமர்த்தி, தம் மறைவு நெருங்கிவிட்டதை அவர் காதில் மெல்லச் சொன்னார்கள். மகள் அழுதபோது, ஆறுதலான செய்தியையும் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். வளர்ந்த மகளாயினும், அவர்களுக்குக் குழந்தைதானே! நோயை மறைக்கவுமில்லை, அதன் சுமையை மகள்மீது எரிச்சலாக இறக்கவுமில்லை.

இதில் நமக்கு நடைமுறைப் பாடம் உண்டு. "அத்தாவுக்குக் காய்ச்சல், உன்மேல் கோபமில்லை, ஒரு மணி நேரம் உறங்க வேண்டும்" என்று உள்ளதைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஒரு குவளை தண்ணீர் கேட்பதானாலும் ஏவாமல் கேட்கலாம். கொடுத்தபின் 'ஜஸாக்கல்லாஹ்' என்று சொல்லலாம். கண்டிக்க வேண்டிய தவறு இருந்தால், உடல் தேறும்வரை தள்ளிப்போடலாம்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. பழத்துடன் வருவோர், இரண்டு மணி நேரம் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றால் அதைவிடப் பெரிய மருந்தில்லை.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. அங்கே காவலாக இருப்பது நமது இறையச்சம் ஒன்றே. நாம் முதுமையில் படுக்கையில் கிடக்கும்போது, நோயுற்றவரும் சூழ இருப்போரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை, இன்று நம்மிடம் கற்ற பிள்ளைகளே நமக்குத் திருப்பித் தருவார்கள்.